விட்டுப் பார்த்தவள்

எங்கள் பட்டறையின் கேட் இப்போது நேராக நிற்கிறது என்றால் அதற்கு அவள்தான் காரணம். அவள் வேலைக்கு வருவதற்கு முன்பும் அது நேராகத்தான் நின்றது. ஆனால் கம்பியால் இழுத்துத் தூணோடு கட்டி வைத்திருந்தோம். சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை, உள்ளே வந்தவள் சாப்பாட்டுப் பையைக்கூட வைக்காமல் குறடு எடுத்துப் போய் அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டாள். கேட் முனகிக்கொண்டே ஒரு சாண் இறங்கி மண்ணில் குத்தி நின்றுவிட்டது. வெளியே சரக்கு ஏற்ற வந்த வண்டிக்காரன் ஆரன் அடிக்கிறான். கேட்டைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

“ஏனம்மிணி, நல்லா இருந்த கேட்ட எதுக்கு இப்பிடிப் பண்ணி வெச்சே?” என்று கத்தினேன்.

“நல்லா இல்லீங்ண்ணா. கட்டி வெச்சிருந்தீங்க,” என்றாள் அவள்.

அப்புறம் வெல்டரைக் கூப்பிட்டு, கீலை அறுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, மதியத்துக்குள் சரிசெய்தோம். அன்றைக்கு அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான் கொஞ்சம் அவசரக்காரன். வேலை முடிந்ததா, பில் போட்டாயா, அடுத்தது எங்கே என்று நிற்கிற ஆள். என்னிடம் வந்து சேர்ந்தவளோ முடிந்த வேலையை மறுபடி அவிழ்த்துப் பார்க்கிறவளாக இருந்தாள்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில் எங்கள் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரி சாமான் செய்து கொடுக்கிறோம். இந்தப் பக்கம் பாதிப் பேர் ரிக்கில் போகிறவர்கள், மீதிப் பேர் ரிக்குக்கு வேலை செய்கிறவர்கள். அவள் ஜலகண்டாபுரம். வீட்டில் தறி ஓட, இவள் மட்டும் ஐடிஐயில் மெஷினிஸ்ட் படித்துவிட்டுக் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷின் அவள் கையில் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவள் மில்லிங்கக்கா. எனக்கு வயதில் இளையவள் என்பதால் அம்மிணி. இப்போது புருஷனும் பெண்டாட்டியுமாகச் சொந்த ஊர்ப் பக்கமே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

சேலைக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். வளையல்களைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் போட்டு வைப்பாள். கொண்டையைச் சுற்றி ஒரு துணி. அதோடு மெஷின் முன்னால் நின்றாள் என்றால் சாயங்காலம் வரைக்கும் ஆள் இருக்கிற சத்தமே கேட்காது. அதிகம் பேசமாட்டாள். அவளுடைய பேச்சில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே வாக்கியம்தான். “உட்டுப் பாத்துறலாங்ண்ணா.”

எதற்கும் அதுதான். லாரி ஆக்சிலில் நட்டு இறுக்கியாயிற்றா? ஒருதரம் தளர்த்தி உட்டுப் பாத்துறலாம். பெஞ்சின் காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறதா? எடுத்து உட்டுப் பாத்துறலாம். எனக்கு அப்போது இடுப்பு வலி. டாக்டர் கொடுத்த பெல்ட்டைச் சட்டைக்கு உள்ளே கட்டிக்கொண்டு விறைப்பாகத் திரிந்தேன், வலி போயேபோய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஒருநாள் டீ குடிக்கும்போது, “அதக் கழட்டி உட்டுப் பாருங்ண்ணா,” என்றாள். வீம்புக்குக் கழற்றினேன். மத்தியானத்துக்குள் கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டேன். லேத் ஓட்டுகிறவர் என்னைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிவிட்டார். டாக்டரோ, பெல்ட்டை இத்தனை நாள் யார் போட்டுக்கொண்டிருக்கச் சொன்னது, இடுப்பில் இருந்த கொஞ்சநஞ்ச பலமும் போய்விட்டது, தினமும் தரையில் படுத்துக் காலைத் தூக்கு என்று திட்டி அனுப்பினார். இன்றைக்கும் தூக்கிக்கொண்டிருக்கிறேன். படுத்துக் காலைத் தூக்கும்போதெல்லாம் அவளைத் திட்டுவேன், அப்புறம் நானே சிரித்துக்கொள்வேன்.

அவள் சொல்லித்தான் நாங்கள் மூன்று வைஸ் வாங்கினோம். வைஸ் என்பது இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வாய். ஒரு தாடை அசையாது, இன்னொன்று திருகத் திருக முன்னால் வந்து நெருக்கும். அப்போது எங்களுக்கு ரிக்கின் கைடு பட்டை வேலை நிறைய வந்துகொண்டிருந்தது. நாலடி நீள இரும்புப் பட்டை. நீளவாக்கில் நடுவில் ஒரு காடி, அதாவது வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், ஓடவேண்டும். ரிக்கின் தலை அந்தக் காடியைப் பிடித்துக்கொண்டுதான் மேலும் கீழும் போகும். அதுவரை நாங்கள் ஒரே வைஸில் நடுவில் பிடித்து, இரண்டு முனையும் அந்தரத்தில் ஆட, என்னவோ செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மூன்று இடத்தில் பிடித்தால்தான் உருப்படும் என்றாள். ஒன்று எங்களிடமே இருந்தது. ஒன்று சேலம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இன்னொன்றைப் பள்ளிபாளையத்தில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து கொண்டுவந்தோம். மூன்றும் மூன்று உயரம்.

உயரத்தைத் தகடு கொடுத்துச் சமப்படுத்தியபின், மெஷினின் மேடைமேல் அவற்றை ஒரே கோட்டில் நிறுத்தினாள். நான் அதுவரை வைஸை வைப்பேன், போல்ட்டை முறுக்குவேன், அவ்வளவுதான். அவள் ஒரு போல்ட்டை அரைகுறையாக இறுக்கி இன்னொன்றைத் தளர்வாக விட்டுவிடுவாள். கோணலைக் காட்டுகிற டயலின் முள்ளைத் தாடையில் தொடவைத்து மேடையை மெதுவாக நகர்த்துவாள். முள் ஆடினால் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி நகர்த்துவாள், மறுபடி ஒரு தட்டு. முள் தூங்கிப்போனதும் இரண்டு போல்ட்டையும் இறுக்குவாள். இறுக்கியபின் இன்னொருதரம் பார்ப்பாள், இறுக்கும்போதே வைஸ் கொஞ்சம் நழுவும் என்பதால். ஒரு வைஸ் முடிந்தால் பக்கத்து வைஸ். முள் எப்போதும் அசையாத தாடையில்தான் இருக்கும். நகர்கிற தாடையில் வைத்துப் பார்த்தால் என்ன என்று ஒருதரம் கேட்டேன்.

“அதக் கேக்கக் கூடாதுங்ண்ணா. அது யாரு நெருக்குனாலும் ஒத்துக்கும்,” என்றாள்.

தினமும் இப்படி நிறுத்தினால் பாதி நாள் அதிலேயே போய்விடும் என்று நான் அரற்றிக்கொண்டிருந்ததால், ஒரு குறுக்கு வழியும் செய்து வைத்தாள். கோயமுத்தூரில் கொடுத்து, நீளச் சட்டம் ஒன்றைச் சாணை பிடித்து வாங்கி வந்தாள். நடு வைஸில் அதைக் கடிக்கவிட்டு, மற்ற இரண்டையும் அதன்மேல் ஒட்டி நிறுத்தி இறுக்கினால் மூன்றும் ஒரு கோட்டில் வந்துவிடும். அந்தச் சட்டத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி மூலையில் சாய்த்து வைத்திருப்பாள். எங்களில் யாரும் அதைத் தொடமாட்டோம்.

இத்தனையும் செய்து காடி ஓட்டி முடித்தபிறகுதான் என் பொறுமைக்குச் சோதனை வரும். வேலை முடிந்தது, எடுத்துக் கொடு என்றால் கொடுக்கமாட்டாள். மூன்று வைஸையும் தளர்த்திவிட்டுப் பட்டையைச் சும்மா கிடக்கவிடுவாள். “மூச்சு உடட்டுங்ண்ணா,” என்பாள். பிடித்திருக்கிறவரைக்கும் எந்த இரும்பும் நேராகத்தான் இருக்கும், விட்டால்தான் அதன் குணம் தெரியும் என்பது அவள் கட்சி. பெரும்பாலும் விட்டதும் ஒரு முடியளவு திரும்பும். அப்புறம் மறுபடி பிடிப்பாள். ஆனால் முதல்தரம் மாதிரி முறுக்கமாட்டாள், கையால் லேசாகத் திருகிவிட்டு, மேலாக ஒரு ஓட்டு ஓட்டி எடுப்பாள். வாசலில் ரிக்குக்காரர் காத்துக்கொண்டிருப்பார். நான் அவருக்கு இரண்டாவது டீ சொல்வேன்.

அவள் தளர்த்தாத வைஸ் ஒன்று இருந்தது. அதில் மாட்டியிருந்தவர் அவள் புருஷன். இதை நான் சொல்லவில்லை, லேத்காரர்தான் அவள் காதுபடவே சொல்வார். அவளும் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் வேலையைப் பார்ப்பாள்.

அவர் ரிக்கில் டிரில்லர். நல்ல வேலைக்காரர், நல்ல குடிகாரர். வடக்கே ஒரு சைட்டில் குடித்துவிட்டு ரிக் மேடையிலிருந்து விழுந்தவரை, மண்டையில் தையலோடு வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றிலிருந்து அவரை ரிக் பக்கம் அவள் விடவில்லை. எங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு லாரி டயர் கடை. அங்கே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். மில்லிங் மெஷின் முன்னால் நின்று கழுத்தைத் திருப்பினால் டயர் கடை வாசல் தெரியும். காலையில் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவாள், சாயங்காலம் கூட்டிப்போவாள். அவர் ஆறடி. முன்னால் இவள் ஓட்ட, பின்னால் அவர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். வண்டிச் சாவியை அவள் இடுப்பில்தான் செருகியிருப்பாள். பட்டறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ரோட்டோரமாகப் பிராந்திக்கடை.

சாயங்காலம் அவர் கேட்டுக்கு வந்து நின்றதும் இவள் கிட்டே போய், சட்டைக் காலரில் தூசு தட்டுகிற சாக்கில் மோந்து பார்ப்பாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போகப்போக அவரே முகவாயை லேசாகத் தூக்கிக் காட்டப் பழகிக்கொண்டார். சவரக்கடையில் உட்கார்ந்தவர் தூக்குவாரே, அந்த மாதிரி. ஒருநாள்கூட வாடை வந்ததில்லை. வருஷக்கணக்கில் இப்படியே போனது. அவள் மாமியார் கடைவீதியில் என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டு, “என்ற மருமவ புடிச்ச புடியிலதான் என்ற மகன் உசுரோட இருக்கறான்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காடிக் கோணல் வந்தது.

பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. காலையில் சட்டத்தை வைத்து மூன்று வைஸையும் நிறுத்தி, முதல் பட்டையை ஓட்டினாள். தளர்த்திவிட்டாள். மூச்சு விடவிட்டு முள்ளை வைத்துப் பார்த்தால் காடி நடுவில் வளைந்திருந்தது. முடியளவு என்றால் பரவாயில்லை, கண்ணுக்கே தெரிகிறது. இரும்பு சரியில்லை என்றாள். வேறு கட்டிலிருந்து ஒரு பட்டை எடுத்து ஓட்டினாள், அதுவும் அப்படியே. மெஷினின் மேடை தேய்ந்திருக்குமோ என்று அதைப் பார்த்தாள். காடி வெட்டுகிற கட்டரை மாற்றினாள். வைஸ் நழுவியிருக்குமோ என்று மறுபடி சட்டத்தைக் கடிக்கவிட்டுப் பார்த்தாள். மூன்று வைஸும் சட்டத்தோடு அச்சாக ஒட்டி நின்றன. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வீணாய்ப்போன பட்டைகள் தரையில் கிடந்தன. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சாயங்காலம் வழக்கம்போல அவர் வந்து கேட்டில் நின்றார். இவள் மோந்து பார்க்கப் போகவில்லை. என்ன விஷயம் என்று அவர் லேத்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே வந்து மூலையில் இருந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளிடம் போய்ச் சொன்னார்.

“அந்தச் சட்டத்த நாந்தான் எடுத்தேன். முந்தாநாளு லாரிச் சக்கரம் கழண்டு வரமாட்டேன்னுச்சு. நீ அக்கட்டால போயிருந்தே. அதக் குடுத்து நெம்புனேன். தொடச்சுக் கொண்டாந்து வெச்சுட்டேன். அதுல ஏதாச்சும் ஆயிருக்குமா?”

எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. அவள் சட்டத்தைத் தொடாமல், டயலை எடுத்து, வைஸ் வாங்கிய புதிதில் செய்ததுபோல ஒவ்வொரு வைஸாக முள்ளைத் தொடவைத்து நகர்த்தினாள். முள் ஆடோ ஆடு என்று ஆடியது. சட்டம் வளைந்திருக்கிறது. வளைந்த சட்டத்தை வைத்து நிறுத்தியதால் மூன்று வைஸும் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொண்டு ஒரே மாதிரி கோணலாக நின்றிருக்கின்றன. நேராக வந்த பட்டையை அவை வளைத்துப் பிடிக்க, கட்டர் தன் பாட்டுக்கு நேராக ஓடியிருக்கிறது. விட்டதும் பட்டை பழையபடி நேராகிவிட்டது, காடி கோணிக்கொண்டது.

“இரும்பு மேல தப்பே இல்லீங்ண்ணா,” என்றாள் என்னிடம். “புடிச்ச புடிதான் கோணல். எல்லாத்தையும் உட்டுப் பாத்தேன். என்ற சட்டமாச்சேன்னு அத மட்டும் பாக்காம உட்டுட்டேன்.”

புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வளையலைப் போட்டுக்கொண்டு, அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த சில நாட்களில் சட்டத்தைத் திரும்பச் சாணைக்கு அனுப்பினோம், ஆர்டரை ஒரு வழியாக முடித்தோம். அப்புறம் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கூட்டுக்காரர ரிக்குக்கு அனுப்பலாம்னு இருக்கறனுங்ண்ணா என்றாள். வடக்கே சத்தீஸ்கர் பக்கம் போகிற வண்டி. மழைக்குத்தான் திரும்பும். எங்களிடம் வருகிற ரிக் முதலாளி ஒருவர் ரொம்ப நாளாக அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். விழுந்து மண்டை உடைந்த இடத்துக்கே ஒரு மனுசனைத் திரும்ப அனுப்புவார்களா? அங்கே அவரைக் கேட்க ஆள் கிடையாது. சைட்டில் வேலை முடிந்தால் எல்லோரும் குடிக்கிறவர்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டப்போகிறாயா என்று கேட்டேன். நல்லா இருக்கிற மனுசனை ஏன் கெடுக்கிறாய் என்றும் கேட்டேன்.

“நல்லா இருக்காருன்னு எப்பிடிங்ண்ணா தெரியும்?” என்றாள். “நான் புடிச்சிருக்கறேன். அவரு நிக்கறாரா, என்ற புடி நிக்குதான்னு எனக்கே தெரியலீங். அன்னைக்குச் சட்டத்தப் பத்தி அவரா வந்து சொன்னாரு. யாரும் கேக்கல. வாய மூடிட்டு இருந்திருந்தா நான் கண்டே புடிச்சிருக்க மாட்டேன்.”

“போய்க் குடிச்சுப்போட்டு மறுபடி உழுந்தா?”

அவள் டப்பாவை மூடினாள். மூடியில் வளையல்கள் கிடந்ததைப் பார்த்து மறுபடி திறந்து எடுத்தாள்.

“உழுந்தா நாந்தாங்ண்ணா அழுவோணும். ஆனா எனக்கும் கை வலிக்குதுங்.”

மாமியார் மூன்று நாள் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி என்று என்னைக் கெஞ்சினார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் புருஷனோ போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்புகிற அன்று காலை இவள் எங்கள் கேட்டில் நின்றாள். அவர் ரிக்கில் ஏறுவதற்கு முன்னால் முகவாயைத் தூக்கிக் காட்டினார். அதற்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் காலரில் தூசு தட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அந்தக் கோடைக்கு எங்கள் மூன்று வைஸும் தேவைக்குமேல் நேராகின. வேலை இல்லாதபோதும் போல்ட்டைத் தளர்த்தி, முள்ளை வைத்துத் தட்டித்தட்டி நிறுத்திக்கொண்டிருப்பாள். சாயங்காலமானால் கால் தன்னால் டயர் கடை வாசலுக்குப் போய்விடும். போய் நின்று, ஞாபகம் வந்து, எதையோ விசாரிக்க வந்தவளைப் போலப் பேசிவிட்டுத் திரும்புவாள். அவரோடு தினமும் போனில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, வெய்யிலா, மண்ணு எப்பிடி, இவ்வளவுதான். குடித்தீர்களா என்று அவள் கேட்டு என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. அவள் மெலிந்து போனாள். எனக்கு அவளைப் பார்க்க வருத்தமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படி ஒன்றைத் துணிந்து செய்ய என்னால் ஆகாது.

ஒருநாள் முற்பகலில் போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிடமாட்டார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவர் குரல் உயர்ந்து தாழ்ந்து வந்தது, வார்த்தை புரியவில்லை. இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “செரி. இப்ப எதாச்சும் சாப்டீங்களா?” என்றாள். அப்புறம் வைத்துவிட்டாள்.

என்ன என்றேன். போர் போட்ட இடத்தில் தண்ணீர் நிறைய வந்ததாம். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாராம். இவரும் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டாராம். ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல், காலையில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

நான் கொதித்துப்போனேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது, அடுத்த வண்டியில் வரச் சொல்லு, முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்று குதித்தேன். அவள் மேடைமேல் பிடித்திருந்த பட்டையின் வைஸுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

“உட்டா ஒரு முடி திரும்பத்தாங்ண்ணா செய்யும்,” என்றாள். “அவரா சொன்னாரு. நான் கேக்கலீங்.”

வரச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் டயர் கடைப் பக்கம் போகவும் இல்லை. நான் மட்டும் அவர் வேலைசெய்கிற ரிக்கின் முதலாளிக்கு இரண்டுமூன்று தரம் போன் செய்து, வேறு எதையோ கேட்கிற மாதிரி ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். வேலை நன்றாகச் செய்கிறார் என்று மட்டும் அவர் சொன்னார். மற்றதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மழை தொடங்கியதும் வண்டிகள் திரும்பின. அந்த ரிக் சர்வீஸுக்காக நேராக எங்கள் பட்டறைக்கே வந்தது. வெயில் சாய்கிற நேரம். வண்டி முழுக்கச் செம்மண். அவர் கறுத்து, இளைத்து, தாடியோடு இறங்கினார். லேத் நின்றுவிட்டது. டயர் கடையிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான், இவள் இப்போது கிட்டே போய் மோந்து பார்ப்பாள். அவரும் நேராக வந்து மெஷினுக்கு முன்னால் நின்று, கேட்பதற்கு முன்பே முகவாயைத் தூக்கினார்.

அவள் கட்டரை நிறுத்தவில்லை.

“காடி பாதியில நிக்குது, நான் வர நேரமாவும்,” என்றாள். இடுப்பிலிருந்து மொபெட் சாவியை எடுத்து நீட்டினாள். “நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போங்க. தண்ணி காய வெச்சுக் குளிங்க. அத்த பாத்துக்கிட்டே இருப்பாங்க. நான் பஸ்ஸுல வாரேன்.”

தூக்கிய முகவாய் அப்படியே இருக்க, அவர் சாவியைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு வெளியே போனார். மொபெட் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பிராந்திக்கடை, அது திறந்திருக்கிற நேரம், பையில் சம்பளம். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கேட் பக்கம் நடந்தேன். கேட்டிலிருந்து பார்த்தால் ரோடு வளைகிற இடம்வரை, அந்தக் கடை வாசல் உட்பட, தெரியும். மொபெட் அந்தக் கடை முன்னால் நிற்கிறதா, தாண்டிப் போகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும்.

பின்னால் கட்டர் சத்தம் நின்றது. அவள் திரும்பக்கூட இல்லை. குனிந்து வைஸைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணா,” என்றாள். “அத அளக்காதீங்.”

ரோட்டில் மொபெட் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. நான் ரோட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமல் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.